குடல்காரி ஓஃப்காவுக்குக் குமட்டிய நாள்

குடல் கழுவுகிறவளுக்குக் குமட்டல் வராது என்று க்ளெபாஷ் சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். ஓஃப்காவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மாட்டுக் குடலை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கத்தியால் வழித்து, உப்புப் போட்டுத் தேய்த்து, சாம்பல் தண்ணீரில் அலசி, மறுபடி புரட்டுவாள். நடுநடுவே ஒரு கையால் ரொட்டியும் தின்பாள். சமையல்கட்டுக்குப் புதிதாக வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினால், "என்னடி, உன் வயித்துக்குள்ள மட்டும் ரோஜாப்பூவா வெச்சிருக்க?" என்று கேட்பாள்.

அதற்காக அவளுக்கு அருவருப்பே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. மூட்டை மூட்டையாக இருந்தது. எல்லாம் மனிதர்கள்மேல், அதிலும் பெரிய மனிதர்கள்மேல்.

அவளும் அவள் புருஷன் பர்த்தோஷும் பான் ஸ்பிலுத் என்ற பிரபுவின் ஆட்கள். கூலிக்கு வந்தவர்கள் இல்லை. அவருடைய கிராமத்தில் பிறந்த பாவத்துக்கு அவருக்கே சொந்தமானவர்கள். அவர் போ என்று விட்டாலொழிய ஓர் அடி நகர முடியாது. க்ராக்கோவ் நகரத்து மதில் வாசலுக்கு வெளியே, க்ளெபாஷில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கே பர்த்தோஷ் குதிரைகளைப் பார்த்துக்கொண்டான், ஓஃப்கா சமைத்தாள். சந்தை நாட்களில் மிஞ்சிய குடல் சூப்பைப் பானையோடு தூக்கிப் போய் விற்க எஜமான் அனுமதி கொடுத்திருந்தார். சந்தை மூலையில் கசாப்புக்காரர் ஒருவரின் கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே செங்கல் அடுப்பு, மேலே கூரை. அந்த அடுப்பின்மேல் ஓஃப்காவுக்கு ஒரு கண். ஆனால் கடை எடுக்க வேண்டுமென்றால் யாருக்கும் சொந்தமில்லாத மனுஷியாக இருக்க வேண்டும்.

ராஜாக்களைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. யாகியெல்லோ வம்சம் இருந்தவரை அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி ராஜா பிள்ளையில்லாமல் கண்ணை மூடினார். அதிலிருந்து பிரபுக்கள் எல்லாரும் வார்ஸா பக்கம் ஒரு மைதானத்தில் கூடி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ராஜாவைப் பொறுக்கியெடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு பிரெஞ்சுக்காரன் வந்தான். காதில் தோடும் உடம்பெல்லாம் தைலமுமாக இருந்தான். அவன் ஊரில் சிம்மாசனம் காலி என்று கேள்விப்பட்டதும் ராவோடு ராவாகக் கம்பி நீட்டினான். அப்புறம் ஹங்கேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரைப் பற்றி ஓஃப்கா குறை சொன்னதில்லை. இந்தப் பிரபுக்களைக் கண்டால் அவருக்கும் ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தாள், அது போதும். அவரும் வடக்கே லித்துவேனியாவில் ஒருநாள் திடீரென்று செத்துப்போனார்.

பான் ஸ்பிலுத் மறுபடி மைதானத்துக்குக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டைகளைத் துவைத்தவள் ஓஃப்கா. ஆஸ்திரியாக்காரன் ஊற்றிய ஒயின், ஸ்வீடன்காரன் ஊற்றிய பீர், மாஸ்கோக்காரன் பேரைச் சொல்லி யாரோ ஊற்றிய வோட்கா எல்லாம் அந்தத் துணியில் இருந்தன. அதற்கெல்லாம் மேலே அவர் எடுத்த வாந்தியும் இருந்தது.

"எசமான் கடைசில யாருக்குத்தான் கை தூக்கினாராம்?" என்று பர்த்தோஷிடம் கேட்டாள்.

"ஊத்தினவனுக்கெல்லாம் தூக்கினாரு. கை வலிக்குதுன்னு வழியெல்லாம் ஒரே புலம்பல்."

ஸ்வீடன் இளவரசன் ஜெயித்தான். வந்து முடிசூட்டியும் ஆயிற்று. பழைய ராஜா மட்டும் பெட்டிக்குள் வடக்கேயே கிடந்தார். யார் பெட்டிக்கு முன்னால் நடப்பது, யார் பின்னால் நடப்பது, கிரீடத்தை ஏந்துவது யார், கொடியை ஏந்துவது யார் என்று பிரபுக்களுக்குள் அடிதடி. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள்.

"மாட்டுக் குடலக்கூட மத்தியானத்துக்குள்ள கழுவி வெச்சுடறோம். ஒரு ராஜாவ இப்படிப் போட்டு வெச்சிருக்கானுங்களே, தூ!" என்று ஓஃப்கா துப்பினாள்.

ஒருவழியாகப் பெட்டி க்ராக்கோவுக்கு வருகிறது என்று செய்தி வந்தது. உடனே பான் ஸ்பிலுத் சுறுசுறுப்பானார்.

ராஜாவை வாவெல் குன்றுக் கோயிலில் அடக்கம் பண்ணும்போது ஒரு வழக்கம் உண்டு. செத்த ராஜாவின் கவசத்தைப் போட்டுக்கொண்டு, முகத்தின்மேல் இரும்பு மூடியை இறக்கிவிட்டு, ஒருவன் குதிரையோடு கோயிலுக்குள்ளேயே வருவான். பெட்டியின் முன்னால் வந்ததும் அப்படியே தடாலென்று கல்தரையில் விழ வேண்டும். அவன் விழுந்தால்தான் ராஜா செத்ததாகக் கணக்கு. நைசாகச் சரிந்து இறங்கினால் ஆகாது. இரும்பு கல்லில் மோதுகிற சத்தம் வெளியே நிற்கிற கூட்டத்துக்குக் கேட்க வேண்டும். சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு காலம் புது ராஜா ஆள்வார் என்று க்ளெபாஷ் பெண்கள் நம்பினார்கள். விழுகிற பிரபுவுக்குப் புது ராஜா ஏதாவது பெரிதாகச் செய்வார் என்று பிரபுக்கள் நம்பினார்கள்.

பான் ஸ்பிலுத் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி அந்தக் கௌரவத்தை வாங்கிக்கொண்டு வந்தார். செத்தவருக்காகத் தன் எலும்பு ஒவ்வொன்றும் நொறுங்கினாலும் சம்மதம் என்று எல்லா இடத்திலும் கண்ணைக் கசக்கியிருந்தார்.

கவசம் வீட்டுக்கு வந்தது. உள்ளே போடுகிற பஞ்சுச் சட்டையைச் சுத்தம் பண்ணச் சொல்லி ஓஃப்காவிடம் கொடுத்தார்கள். அக்குளில் மஞ்சளும் கறுப்புமாகச் செத்த ராஜாவின் வியர்வை கெட்டிப்பட்டிருந்தது. தையல் இடுக்கில் செத்த பேன்கள் வரிசையாக இருந்தன. உன் பேனும் உன்கூடவே செத்துடுச்சா ராசா, அதுங்களுக்கு இருந்த விசுவாசம் இவனுங்களுக்கு இல்லியே என்று முணுமுணுத்தபடியே சாம்பல் தண்ணீரில் முக்கினாள். அவளுக்கு அதில் ஒன்றும் அருவருப்பு தட்டவில்லை.

அருவருப்பு மறுநாள் வந்தது. பான் ஸ்பிலுத் கொல்லையில் விழுந்து பழகினார். தரையில் ஆள் உயரத்துக்கு வைக்கோல். குதிரை ஆடாமல் அசையாமல் நின்றது. அவர் மேலே உட்கார்ந்துகொண்டு ஒரு நாழிகை ஜெபம் பண்ணினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தார். விழுந்த இடம் மெத்தைபோல் இருந்தும், "ஐயோ அம்மா, செத்தேன்!" என்று கத்தின கத்தலில் கோழியெல்லாம் கூரைமேல் ஏறிவிட்டது. வைக்கோலில் குப்புறக் கிடந்து மூக்கு ஒழுக அழுத அந்த ஐம்பது வயது ஆளைப் பார்க்க ஓஃப்காவுக்குக் கூசியது.

அன்று சாயங்காலமே எஜமான் லாயத்துக்கு வந்தார். ஓஃப்கா புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவளை அவர் கவனிக்கவே இல்லை.

"டேய் பர்த்தோஷ், உன் உசரமும் செத்த ராஜா உசரமும் ஒண்ணுதான், தெரியுமாடா?"

"தெரியாது எசமான். ராஜா எங்கிட்ட வந்து நின்னு அளந்து பாத்ததில்லையே."

"வாய்க்குக் கொறச்சலில்ல. கேளு. நீ விழறே. மூடிய எறக்கிட்டா உள்ள இருக்கறது யாருன்னு ஈ காக்காய்க்குத் தெரியாது. விழுந்ததும் உன்னப் பக்கத்து அறைக்குத் தூக்கிட்டுப் போவாங்க, அங்கேர்ந்து நான் வெளிய வருவேன். இதச் செஞ்சியானா உன்னையும் உம் பொண்டாட்டியையும் விட்டுடறேன். எங்க வேணா போங்க. இது ஒரு பிரபுவோட வாக்கு."

அவர் போன பிறகு ஓஃப்கா கஞ்சிச் சட்டியை ணங்கென்று வைத்தாள். "வாக்காம் வாக்கு. மைதானத்துல மூணு பேருக்குக் குடுத்தாரே, அதே வாக்குதான?"

"குதுரலேர்ந்து விழறது எனக்கு என்னடி புதுசா? சின்னதுல தெனமும் விழுந்தவன்தான."

"புல்லுல விழுந்தய்யா. இது கல்லு. அதுவும் ஊருப்பட்ட இரும்பக் கட்டிக்கிட்டு. முடியாதுன்னு சொல்லிடு."

"சரி, சொல்லிடறேன். ஒனக்கு அந்த அடுப்பு வேணுமா, வேணாமா?"

ஓஃப்கா கஞ்சிச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். வேண்டும். அதனால்தான் அவனைத் தடுக்க முடியவில்லை.

அடக்கத்தன்று ஊரே குன்றின்மேல் இருந்தது. கறுப்புத் துணி, தீவட்டி, சாம்பிராணிப் புகை, அழுகைக்குக் கூலி வாங்கியவர்கள், வாங்காமலே அழுகிறவர்கள். ஓஃப்கா கோயில் வாசலுக்குப் பக்கத்தில், மெழுகுவத்தி விற்கிற சுசான்னாக் கிழவியோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றாள். முகம் மூடிய இரும்பு ராஜா அவர்களைக் கடந்து உள்ளே போனான். பர்த்தோஷ் சேணத்தில் எப்போதும்போலக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பார்த்த மாத்திரத்தில் அவன்தான் என்று தெரிகிறதே, மற்றவர்களுக்கு எப்படித் தெரியாமல் இருக்கிறது என்று அவளுக்குப் பதறியது.

உள்ளே பாட்டு நின்றது. குதிரைக் குளம்பு கல்லில் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம். பெரிய பெரிய பாத்திரங்களை மாடியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. அதன் வாலாக ஒரு மனிதக் குரல், ஒரே ஒரு தடவை.

"அடியாத்தீ! என்னமா விழுந்தாரு மகராசன்!" என்று சுசான்னா சிலுவை போட்டுக்கொண்டாள். "இந்த ஆட்சி நாப்பது வருஷம் தாங்கும் பாத்துக்க!"

கூட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஓஃப்கா மட்டும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது பயத்தில் கத்தின கத்தல் இல்லை, எலும்பு போன கத்தல்.

கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டு வாசலில் பான் ஸ்பிலுத்தைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கையைத் தொங்கவிட்டு, கண் சொருகி, "ராஜாவே, ராஜாவே" என்று முனகிக்கொண்டிருந்தார். பெண்கள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். ஓஃப்காவைத் தாண்டிப் போகும்போது அவள் கிட்டத்தில் பார்த்தாள். உதட்டோரத்தில் கடுகுச் சட்னி ஒட்டியிருந்தது. அறைக்குள் காத்திருந்த நேரத்தில் மனிதர் தொத்திறைச்சி தின்றிருக்கிறார்.

பர்த்தோஷை வைக்கோல் வண்டியில், வைக்கோலுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். லாயத்துப் பரணில் ஏற்றி ஏணியை எடுத்துவிட்டார்கள். இடது தொடை இரண்டாக முறிந்து, கால் தனக்குச் சம்பந்தமில்லாத திசையில் கிடந்தது. வலி தாங்காமல் அவன் சேணத்து வாரைக் கடித்துக்கொண்டிருந்தான். ஏணியை எடுத்தது எதற்கு என்று ஓஃப்காவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் விளங்கியது. விழுந்ததில் எஜமானுடைய கால் முறிந்திருப்பதாக ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அதே நாளில், அதே வீட்டில் இன்னொரு முறிந்த காலை யாராவது பார்த்துவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

எலும்பு வைத்தியர் காஸ்பர் வந்தார். நேராக மாடிக்குப் போனார். ஓஃப்கா வெந்நீர் கொண்டு போனபோது தன் கண்ணாலேயே பார்த்தாள். கொழுகொழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாத அந்தக் காலுக்கு வைத்தியர் மருந்து தடவி, பலகை வைத்து, புது லினன் துணியால் அழகாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பான் ஸ்பிலுத் சரியான இடத்தில் சரியாக "ஆ" என்றார்.

படிக்கட்டில் வைத்தியரை மறித்துக்கொண்டாள். "ஐயா, பரண்ல எம் புருஷன் கிடக்கான். காலு போச்சு. ஒரு தடவ வந்து பாத்துடுங்க. ஒங்களக் கும்பிடறேன்."

காஸ்பர் கைகளைத் துடைத்துக்கொண்டார். நல்லவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தாம்மா. இந்த வீட்ல முறிஞ்ச காலு ஒண்ணே ஒண்ணுதான். அத நான் கட்டிட்டேன்."

ஓஃப்காவுக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ புரண்டது. விழுங்கிக்கொண்டாள்.

ஒளித்து வைத்த ஏணியைத் தேடி எடுத்துச் சாத்தி, அவளே பரணேறினாள். மாட்டின் மூட்டு எங்கே, சவ்வு எங்கே என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதெல்லாம் வெட்டுவதற்குத் தெரிந்த வித்தை, சேர்ப்பதற்கு இல்லை. சூப்புக் கிளறுகிற துடுப்பை இரண்டாகப் பிளந்து காலின் இரண்டு பக்கமும் வைத்து, தன் பாவாடையைக் கிழித்துக் கட்டினாள். பர்த்தோஷ் மூர்ச்சையாகிவிட்டான். தெளிந்ததும், "நல்லா சத்தம் வந்துச்சா?" என்று கேட்டான். அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

கீழே தினமும் விருந்து. பிரபுக்கள் வரிசையாக வந்து கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இஞ்சி தட்டிப் போட்ட ஓஃப்காவின் குடல் சூப்பை அண்டா அண்டாவாகக் குடித்தார்கள். "விழுந்துகிட்டிருக்கும்போதே ராஜா குரல் காதுல கேட்டுது. 'பயப்படாத ஸ்பிலுத்து'ன்னாரு" என்று எஜமான் சொல்லுவார். இரண்டாவது வாரத்தில் அந்த ராஜா இன்னும் நீளமாகப் பேச ஆரம்பித்திருந்தார். மூன்று ராஜாக்களுக்கு விலைபோன வாய்கள் அதைக் கேட்டு உச்சுக் கொட்டின. பரணில் ஜுரத்தில் உளறுகிறவனின் வாயைத் துணியால் பொத்தச் சொல்லிக் காரியஸ்தர் ஆள் அனுப்பினார். விருந்தாளிகளுக்குக் கேட்கிறதாம்.

பர்த்தோஷ் பிழைத்தான். கால் கோணலாகச் சேர்ந்தது, நாலு விரல் குட்டையாயிற்று. எஜமானுக்குப் புது ராஜா ஒரு வட்டாரத்தின் அதிகாரத்தையே எழுதிக் கொடுத்தார். கட்டுப் பிரித்ததும் வெள்ளிப் பிடி போட்ட தடி ஒன்று வாங்கிக்கொண்டு, இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். போதை ஏறினால் மட்டும் எந்தக் கால் என்று மறந்துவிடும்.

ஒருநாள் இருவரையும் கூப்பிட்டார். பர்த்தோஷ் கவைக்கொம்பில் தொங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"நொண்டிக் குதுரக்காரன் எதுக்குடா எனக்கு? அதுவும் நான் நொண்டறப்போ பின்னாடி நீயும் நொண்டினா, பாக்கறவன் என்ன நெனப்பான்? போங்க. ரெண்டு பேரையும் விட்டுட்டேன்." காரியஸ்தர் பக்கம் திரும்பி, கண் கலங்கச் சொன்னார்: "பாத்தியா, நான் குடுத்த வாக்கக் காப்பாத்தறவன்."

இப்படித்தான் ஓஃப்காவுக்கு அந்த அடுப்பு கிடைத்தது. ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. காலையில் அதில் நெருப்பு மூட்டும்போதெல்லாம் அவளுக்கு வாயில் கசப்பாக ஊறும். பர்த்தோஷ் கடைக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட தொட்டிமேல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பான். பரணிலிருந்து விழுந்தவன், குடிகாரன் என்று சந்தையில் சொல்லிக்கொண்டார்கள். அவன் மறுத்தால் யார் நம்புவார்கள்? சிரித்து வைப்பான்.

அடுத்த வசந்தத்தில், மழை விட்ட ஒரு சந்தை நாள். தெருவெல்லாம் சேறு, கடைக்கு முன்னால் சாக்கடை நிறைந்து ஓடியது. பான் ஸ்பிலுத் நாலைந்து வெளியூர்ப் பிரபுக்களோடு வந்தார். கூடவே வைத்தியர் காஸ்பரும் வந்தார். பான் ஸ்பிலுத்தின் காலில் புத்தம் புது மஞ்சள் தோல் பூட்ஸ்.

"இவ கைப்பக்குவம் வார்ஸாலகூடக் கிடையாது. எங்க வீட்ல இருந்தவதான்" என்று பானைக்குள் தன் ரொட்டியை விட்டு முக்கி எடுத்தார். கொழுப்பு மீசையில் வழிந்தது. விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். அப்புறம் பர்த்தோஷைப் பார்த்துவிட்டார்.

"இதோ பாருங்க, இவனும் என் ஆளுதான். குடிச்சிட்டுப் பரண்லேர்ந்து உருண்டான் படவா. நானும் விழுந்தேன், இவனும் விழுந்தான்." எல்லோரும் சிரித்தார்கள். எச்சில் விரலோடு பர்த்தோஷின் தோளைத் தட்டினார். "மழ வந்தா வலிக்குதாடா? எனக்கும் வலிக்குதுடா. நம்ம வலி நமக்குத்தான் தெரியும், என்ன?"

பர்த்தோஷ் தலையை ஆட்டினான். "ஆமாங்க எசமான்" என்றான்.

அந்த 'ஆமாங்க'வில் ஓஃப்காவின் வயிறு மேலே வந்தது. உப்பு, சாம்பல், சாணி, செத்த ராஜாவின் பேன் எதற்கும் அசையாத வயிறு. உதட்டோரக் கடுகு, ஒரு கீறலில்லாத காலின் லினன் கட்டு, படிக்கட்டில் தாழ்த்திய குரல் என்று அன்றுவரை விழுங்கி வைத்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பி, அடுப்பைத் தாண்டி நேராக அந்த மஞ்சள் பூட்ஸை நோக்கிப் போனது.

பான் ஸ்பிலுத் துள்ளினார். தடியை வீசிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து, அகலமான சாக்கடையை ஒரே தாவாகத் தாவி, அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிபோல நின்றார். பூட்ஸில் ஒரு சொட்டுப் படவில்லை.

சந்தை மொத்தமும் பார்த்தது. தடி சேற்றில் கிடந்தது. பர்த்தோஷ் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த ஓஃப்காவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. இதோ, இப்போது யாராவது சொல்லத்தான் போகிறார்கள் என்று நின்றாள்.

காஸ்பர் முந்திக்கொண்டார். சேறு என்றும் பாராமல் முழங்காலில் விழுந்து, "அற்புதம்! நான் கட்டின காலு! இந்த ஜென்மத்துல மடங்காதுன்னு நெனச்ச காலு! செத்த ராஜா குணப்படுத்திட்டாரு!" என்று கூவினார்.

பான் ஸ்பிலுத்துக்கு விஷயம் புரிய ஒரு கணம்தான் பிடித்தது. அடுத்த கணம் கையை வானத்துக்குத் தூக்கிக் கண்ணீர் விட்டார். பிரபுக்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் ஓடிப்போய் அவர் காலைத் தொட்டார்கள், அழுதார்கள், பூட்ஸுக்கு முத்தமிட்டார்கள். யாரோ கோயிலுக்கு மணியடிக்க ஓடினார்கள். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றை நோக்கிப் போயிற்று.

ஓஃப்கா துடைப்பத்தை எடுத்துத் தான் எடுத்த வாந்தியைத் தானே கழுவித் தள்ளினாள்.

கடைசியாகப் பின்தங்கியவள் சுசான்னாக் கிழவி. கன்னமெல்லாம் கண்ணீராக, பர்த்தோஷுக்கு முன்னால் வந்து நின்று, ஒரு மெழுகுவத்தியை அவன் கையில் திணித்தாள். "காசு வேணாம்ப்பா, வெச்சுக்க. நீயும் அந்த ராஜா கல்லறைக்கு ஒரு தடவ போய்ட்டு வா. ஒங் காலும் சரியாயிடும்."

பர்த்தோஷ் அதை வாங்கிப் பார்த்தான்.

"நான் போய்ட்டு வந்தவன்தான் ஆத்தா," என்றான். "அங்க போயித்தான் இப்படி ஆச்சு."